நெற்குவியலும் மீன்குவியலும்: மயிலாப்பூருக்கு இரண்டு பக்கமும் இருந்த பிழைப்பு

தி. நகரில் பனகல் பார்க் பக்கம் பையும் கையுமாக அலைகிறவர்களிடம் "நீங்கள் இப்போது ஒரு ஏரிக்குள் நடந்துகொண்டிருக்கிறீர்கள்" என்று சொன்னால் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஆனால் உண்மை அதுதான். நுங்கம்பாக்கம் பக்கத்திலிருந்து சைதாப்பேட்டை பக்கம் வரை, மவுண்ட் ரோடுக்கு மேற்கே, நீளமாக ஒரு ஏரி கிடந்தது. வெள்ளைக்காரர்கள் அதற்கு லாங் டேங்க் என்று பெயர் வைத்திருந்தார்கள். 19-ம் நூற்றாண்டில் போட் கிளப் துரைமார்கள் அதில் படகுப் போட்டி நடத்தியிருக்கிறார்கள் என்றால் அளவை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் இல்லை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது, டேங்க்கும் இல்லை, பண்டும் இல்லை. 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டமும் பழைய ஏரி நிலத்தில் நிற்பதுதான்.

சென்னை வரலாறு என்றால் கோட்டை, கவர்னர், கிளைவ், ரிப்பன் பில்டிங் என்றே படித்துப் பழகிவிட்டோம். மயிலாப்பூருக்கு மேற்கே ஏரியும் வயலும், கிழக்கே கடலும் குப்பமும் இருந்தன. இரண்டுக்கும் நடுவே சில மைல் தூரம்தான். அந்த வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது, காசு எந்த வழியாக வந்தது, எந்த வழியாகப் போனது என்பதுதான் இந்தக் கட்டுரை. எனக்கு இதில் ஆர்வம் வந்ததற்குக் காரணம், வயலிலும் கடலிலும் கணக்கு ஒரே மாதிரி ஆரம்பித்ததுதான். இரண்டிலும் சம்பளம் என்ற பேச்சே இல்லை. பங்குதான்.

முதலில் வயல்.

சென்னையைச் சுற்றியிருந்த செங்கல்பட்டு சீமையை 1763-ல் ஆற்காட்டு நவாப் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அங்கே என்னதான் விளைகிறது, யாருக்கு எவ்வளவு போகிறது என்று தெரியாமல் கம்பெனிக்காரர்கள் திண்டாடினார்கள். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற இன்ஜினியரை வைத்து சுமார் 2,000 ஊர்களைச் சர்வே எடுத்தார்கள். ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதி வைத்திருந்த கணக்குகளின் ஒரு பகுதி இன்றைக்கும் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதில் வருகிற முக்கியமான சொல் 'சுதந்திரம்'. நாம் ஆகஸ்ட் 15-க்குக் கொண்டாடுகிற சுதந்திரம் இல்லை! அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்ததும், அரசாங்கமும் குடியானவனும் பங்கு பிரிக்கும் முன்பே, குவியலிலிருந்து ஊர்க்காரர்களுக்கு எடுத்து வைக்கும் உரிமைப் பங்குக்கு அந்தப் பெயர். கொல்லர், தச்சர், வண்ணார், நாவிதர், ஏரிக்கு மடை திறக்கிறவர், கணக்கர், கோயில் என்று வரிசையாக மரக்கால் மரக்காலாக அளந்து போகும். மீதி இருப்பதில்தான் மேல்வாரம், குடிவாரம்.

கேட்க அழகாக இருக்கிறது. சிலர் இதை வைத்துக்கொண்டு அந்தக் காலத்தில் எல்லோரும் சமமாகச் சாப்பிட்டார்கள் என்று எழுதுவதையும் பார்த்திருக்கிறேன். எனக்கு அவ்வளவு தூரம் போக மனம் வரவில்லை. ஏனென்றால் நிலத்தின் பங்கு மிராசுதாரர்களுக்கு மட்டும். (மிராசு உரிமை என்றால் என்ன என்று எல்லிஸ் துரை 1818-ல் ஒரு பெரிய விளக்கமே எழுதினார். திருக்குறளை மொழிபெயர்த்தாரே, அதே எல்லிஸ்.) சேற்றில் இறங்கி நட்டு அறுத்தவர்களில் பெரும்பாலானோர் பண்ணையாள், படியாள். பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், படி நெல் கூலி. கடன் வாங்கினால் பிள்ளைகள் வரை கட்டுப்பட்ட வேலை. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கை இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றியது. குடியிருக்கும் வீட்டு மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும், அதனாலேயே கூலி உயர்வு கேட்க முடியாது என்பதை அவர் தெளிவாகப் பிடித்திருந்தார். அதைத் தொடர்ந்து 1892-ல் வந்த உத்தரவால் ஒதுக்கப்பட்டவைதான் இன்று பஞ்சமி நிலம் என்று சொல்லப்படுபவை. அந்த நிலங்கள் பிறகு யார் யார் கைக்குப் போயின என்பது தனிக் கதை, அதைத் தொட்டால் இந்தக் கட்டுரை முடியாது.

இன்னொரு விஷயம். விவசாயம் சொல்லித்தர அரசாங்கம் பள்ளிக்கூடம் தொடங்கியதும் இங்கேதான், 1868-ல், சைதாப்பேட்டையில். 1906-ல் அது கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டு, இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக இருக்கிறது. ஆக, இப்போது சிக்னலில் நின்று ஹாரன் அடிக்கிற இடத்தில் ஒரு காலத்தில் சர்க்கார் பண்ணை வைத்து உரம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் நகரம் வளர்ந்தது. 1920-ல் மெட்ராஸ் நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923 வாக்கில் ஏரியை வடித்து மேடாக்கி மனை பிரிக்கும் வேலை மாம்பலத்தில் தொடங்கியது. 1925-ல் காலமான சர் பிட்டி தியாகராயர் பெயரில் தியாகராய நகர், பனகல் அரசர் பெயரில் பூங்கா, நடேச முதலியார் பெயரில் இன்னொரு பூங்கா, உஸ்மான் பெயரில் சாலை. நீதிக்கட்சித் தலைவர்களை ஒரே வளாகத்தில் பார்க்க வேண்டுமானால் தி. நகர் வரைபடத்தைப் பார்த்தால் போதும்.

ஏரி என்பது வெறும் தண்ணீர் இல்லை. கீழே வயலுக்குப் பாசனம், கரையில் மாட்டுக்குப் புல், கோடையில் வற்றும்போது மீன், அடியில் வண்டல் மண். இதில் வயலுக்குத்தான் பட்டா உண்டு. புல்லுக்கும் மீனுக்கும் வண்டலுக்கும் பட்டா கிடையாது. நிலத்தை எடுக்கும்போது பட்டாக்காரருக்கு நஷ்ட ஈடு என்பது சட்டம். பட்டா இல்லாத பிழைப்புக்கு என்ன விலை என்று சட்டம் கேட்கவே இல்லை. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடற்கரையில் மறுபடியும் இதே பிரச்னை வரும். தண்ணீருக்கு மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. 2021 நவம்பர் மழையில் தி. நகர் தெருக்களில் தேங்கி நின்றதே, அது தன் பழைய வீட்டுக்கு வந்ததுதான்.

விவசாயக் குடும்பத்தின் வரவு செலவை வீடு வீடாகப் போய் எழுதும் வேலை நம் ஊரில் எப்போது ஆரம்பித்தது என்று தேடினால் ஒரு சுவாரசியமான ஆள் கிடைக்கிறார். கில்பர்ட் ஸ்லேட்டர். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக 1915-ல் வந்தார். அவர் செய்த வேலை, மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஊர்க் கணக்கை எழுதி வா என்று அனுப்பியது. (நமக்குக் கொடுக்கும் அசைன்மென்டைவிட எவ்வளவோ மேல்!) நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் யாரிடம் என்று மாணவர்கள் எழுதி வந்தது 1918-ல் புத்தகமாக வந்தது. தென்னாற்காட்டு இருவேல்பட்டு, வடஆற்காட்டு தூசி, தஞ்சாவூர் பாலக்குறிச்சி, திருநெல்வேலி கங்கைகொண்டான் எல்லாம் அதில் உண்டு. இதே ஊர்களை 1930-களில் பி.ஜே. தாமசும் கே.சி. ராமகிருஷ்ணனும் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். 1980-களில் அடையாறு காந்தி நகரில் இருக்கிற எம்.ஐ.டி.எஸ். நிறுவனத்து எஸ். குகன் போன்றவர்கள் மறுபடி போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008-லும் ஆய்வாளர்கள் போனார்கள். ஒரே ஊரைத் தொண்ணூறு வருஷம் விடாமல் பார்ப்பது உலகத்திலேயே அபூர்வம்.

அப்படிப் பார்த்ததில் தெரிந்தது, விவசாயிகள் வெறும் விவசாயத்தில் வாழ்வது குறைந்துகொண்டே போகிறது என்பது. ஊருக்கு வெளியே வேலை கிடைக்கக் கிடைக்க, பெரிய பண்ணைக் குடும்பத்தின் பிடியும் தளர்ந்துவிட்டது. நாடு முழுக்கவும் அப்படித்தான். 2018-19-ல் மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு சொன்ன கணக்குப்படி ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரிலிருந்து வந்தது 3,798. கூலி, சம்பளத்திலிருந்து வந்தது 4,063. ஆடு மாடு 1,582. மீதி சில்லறை. ஆறு வருஷத்துக்கு முன்பு 2012-13-ல் பயிர்தான் முதலிடத்தில் இருந்தது, 3,081 ரூபாய். கூலி 2,071. அதாவது 'விவசாயி' என்று எழுதப்பட்ட வீட்டிலேயே, நிலத்திலிருந்து வருவதைவிட வெளியே வேலைக்குப் போய்க் கொண்டுவருவது அதிகமாகிவிட்டது.

இனி கடல். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளும்.

துறைமுகம் கட்டும் முன் மெட்ராஸுக்கு வந்த கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தது மசூலா படகுகளும் கட்டுமரங்களும்தான். மசூலா படகில் ஆணி கிடையாது, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். கட்டுமரக்காரர்கள் தலையில் ஓலைக் குல்லாய் வைத்து அதற்குள் கடிதத்தை நனையாமல் கப்பலுக்குக் கொண்டு போவார்கள். கோட்டையின் வியாபாரம் முழுவதும் இந்த மீனவர் கைகளைத் தாண்டித்தான் உள்ளே வந்தது. ஆக, அவர்களுக்கு மீன் மட்டுமே வருமானம் இல்லை, படகுக் கூலியும் உண்டு. 1861-ல் இரும்புப் பாலம் ஒன்று கடலுக்குள் கட்டினார்கள். 1875-ல் துறைமுகத்துக்கு அடிக்கல். 1881 புயல் அதை உடைத்துப் போட, மறுபடி கட்டி முடிக்க 1890-களின் நடுப்பகுதி ஆயிற்று. கப்பல் நேராகத் துறைக்கு வந்த பிறகு படகுக் கூலி தேய்ந்து போய்விட்டது. ஒரு சமூகத்தின் இரண்டு வருமானத்தில் ஒன்று காணாமல் போனது பற்றி நம் பாடப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. ஆங்கிலத்துக்குக் 'கட்டமரான்' என்ற சொல்லைக் கொடுத்தோம் என்ற பெருமை மட்டும் உண்டு.

துறைமுகம் இன்னொன்றும் செய்தது. கடற்கரையோரம் வடக்கு நோக்கிப் போகிற மணலை அதன் சுவர் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊரை அரித்தது. 1884-ல் கவர்னர் கிராண்ட் டஃப் உலாவும் சாலை போட்டு மெரினா என்று பெயரிட்டார். நகரத்துக்கு அது காற்று வாங்கும் இடமாயிற்று. மீனவருக்கு அது படகு ஏற்றும் இடம், வலை காயவைத்துப் பழுது பார்க்கும் இடம், மீன் ஏலம் விடும் இடம், கருவாடு போடும் இடம். களத்துமேடு இல்லாத விவசாயி உண்டா? மணல் இல்லாத மீனவரும் அப்படித்தான். அயோத்தியா குப்பம், நடுக்குப்பம், நொச்சிக்குப்பம், சீனிவாசபுரம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஊரூர், ஆல்காட் குப்பம் என்று வரிசையாக இந்தக் களத்துமேட்டை ஒட்டித்தான் ஊர்கள்.

பங்குக் கணக்குக்கு வருவோம். விடியும் முன் கரைக்காற்றில் கிளம்பி, வெயில் ஏறியதும் கடல்காற்றில் திரும்புவது கட்டுமரத்தின் நேரம். பிடித்த மீன் கரையிலேயே ஏலம் போகும். வந்த காசில் முதலில் எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். மீதியைப் பங்கு பிரிப்பார்கள். புரிவதற்காக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். நாலு பேர் போன படகில் 10,000 ரூபாய்க்கு மீன், செலவு 3,000. மீதி 7,000. படகு, இன்ஜின், வலைக்கு மூன்று பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்றால், ஆளுக்கு 1,000. படகுக்காரர் தானும் கடலுக்குப் போயிருந்தால் அவருக்கு 4,000. (விகிதம் ஊருக்கு ஊர், வலைக்கு வலை மாறும்.) 3,000 ரூபாய்க்குக்கூட மீன் படாத நாளில்? ஆளுக்குப் பூஜ்யம். ஆனால் எண்ணெய்க் கடன் நிற்கும். சம்பளக்காரனுக்கு நஷ்டம் முதலாளியோடு போகும். பங்குக்காரன் வீட்டுக்கு நஷ்டமும் பங்காகவே வரும்.

இந்த இடத்தில்தான் கடன் நுழைகிறது. படகுக்கும் வலைக்கும் வியாபாரி முன்பணம் தருவார். வட்டி கேட்காதது போலத்தான் இருக்கும். ஆனால் மீனை அவரிடமே போட வேண்டும், ஒவ்வொரு ஏலத்திலும் அவருக்குக் கமிஷன். கடன் தீரும்வரை விலை பேசும் உரிமை போய்விடுகிறது. நெல் விவசாயிக்கு நடந்ததும் இதுதானே? இரண்டையும் சேர்த்துப் பார்த்த ஒரு அதிகாரி இருந்தார், சர் பிரடெரிக் நிக்கல்சன். விவசாயக் கடன் சங்கங்கள் பற்றி 1890-களில் அறிக்கை எழுதியவர், பிறகு மீன்வளத் துறையையும் தொடங்கி வைத்தார் (1907-ல் அது அமைந்தது). கரையில் இருக்கிறவனுக்கும் களத்தில் இருக்கிறவனுக்கும் ஒரே நோய் என்று அவர் கண்டுபிடித்ததாக நான் புரிந்துகொள்கிறேன்.

அதைவிடப் பெரிய விஷயம், வீட்டுக் கணக்கை வைத்திருப்பது பெண்கள். ஆண் கடலில், பெண் சந்தையில். கூடையைத் தலையில் வைத்து மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு தெருக்களில் விற்று, அதில்தான் அரிசி, பள்ளிக்கூட ஃபீஸ், சீட்டுப் பணம். கணவர் கொண்டுவருவது ஒருநாள் ஆயிரம், ஒருநாள் சுழியம். மனைவி கொண்டுவருவது குறைவாக இருந்தாலும் தினமும் வரும். குடும்பத்தைத் தாங்குவது அந்தக் 'குறைவான' வருமானம்தான்.

கடவுளுக்கும் பங்கு உண்டு. பங்குனியில் மயிலாப்பூரில் அறுபத்து மூவர் ஊர்வலம் பார்த்திருப்பீர்கள். அதில் அதிபத்த நாயனார் ஒரு மீனவர், நாகப்பட்டினம் நுளைப்பாடிக்காரர். தினமும் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலில் விடுவார். பல நாள் ஒரே ஒரு மீன்தான் கிடைத்தது, அதையும் விட்டார். கடைசியில் பொன் மீன் கிடைத்தது, அதையும் விட்டார். பக்திக் கதைதான். ஆனால் தொடர்ந்து மீன் படாத நாட்களில் ஒரு பரதவர் குடும்பம் எப்படி வாடும் என்பதை சேக்கிழார் காலத்திலேயே தெரிந்து வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தோன்றுகிறது.

1950-களுக்குப் பிறகு விசைப்படகு வந்தது. இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை. மடி வலையை இழுத்துக்கொண்டு விசைப்படகுகள் கரைக்கு அருகே வந்து, கட்டுமரக்காரர் வலைகளை அறுத்துக்கொண்டு போயின. 1970-களின் பிற்பகுதியில் கடலில் அடிதடி, படகு எரிப்பு வரை போயிற்று. 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, கரையிலிருந்து 3 கடல் மைல் வரை பாரம்பரியப் படகுகளுக்கு என்று எழுதினார்கள். கடலில் கோடு போட்டு யார் காவல் காப்பது என்பது வேறு.

கடலில் இடம் கொடுத்த அதே பத்தாண்டில் கரையில் இடம் பறிபோனது. 1985-ல் மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்தப் போய், எதிர்ப்பு கிளம்பி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் இறந்தார்கள். ஏரிக்கரைப் புல்லுக்குப் பட்டா இல்லை என்று சொன்னேனே, மணலுக்கும் இல்லை. தலைமுறை தலைமுறையாக வலை காய்ந்த இடம் என்பதற்கு எந்தத் தாளும் கிடையாது. 2011-ல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிப்புதான் மீனவர் பயன்படுத்தும் பொது இடங்களை வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றது.

அடையாறு முகத்துவாரத்தில் நிற்கிற உடைந்த பாலத்தைப் படம் பிடிக்கப் போகிறவர்கள் உண்டு (சினிமாக்காரர்கள் உட்பட). அது 1967-ல் மீனவர்கள் ஆற்றைக் கடந்து மீன் கொண்டு போகக் கட்டியது. 1977-ல் வெள்ளத்தில் உடைந்தது. அதன் பிறகு யாரும் ஒட்டவில்லை. நகரத்துக்குத் தேவையான பாலமாக இருந்திருந்தால் எத்தனை நாளில் கட்டியிருப்பார்கள்?

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி வந்தது. அதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. வருமானத்தின் பக்கத்திலிருந்து ஒன்று மட்டும். நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பாலானவை ஃபைபர் படகுகள், வெளியிணைப்பு இன்ஜினோடு. கட்டுமரம் கிட்டத்தட்ட மறைந்துபோனது. காற்றுக்குக் காசு கொடுக்க வேண்டாம், இன்ஜினுக்கு எண்ணெய் வேண்டும். மேலே போட்ட கணக்கில் அந்த 3,000 ரூபாய் செலவு இருக்கிறதே, பாய்மரக் கட்டுமரத்தில் போனவருக்கு அது ஏறக்குறைய இல்லவே இல்லை. பிடிப்பு கூடியிருக்கலாம், ஆனால் வெறுங்கையோடு திரும்புகிற நாளின் விலையும் கூடிவிட்டது.

2001 முதல் கோடையில் மீன்பிடித் தடைக்காலம். முதலில் 45 நாள், 2017 முதல் 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தடை விசைப்படகுகளுக்குத்தான். ஃபைபர் படகுகள் கரையோரம் போகலாம், அந்த மாதங்களில் வஞ்சிரம் விலை ஏறுவதால் சின்னப் படகுக்காரர்களுக்கு நல்ல நாட்களும் உண்டு. ஆனால் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர் வீட்டில் இரண்டு மாதம் அடுப்புக்கு அரசு நிவாரணம்தான். 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக உயர்த்துவதாக 2023-ல் அறிவித்தார்கள். 61 நாளுக்கு வகுத்தால் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 131 ரூபாய்.

அதே 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் லூப் ரோடில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்து, மாநகராட்சி மீன் கடைகளை அகற்றியது. பெண்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். சாலை முதலில் வந்ததா, குப்பம் முதலில் வந்ததா என்பது அவர்கள் கேட்ட கேள்வி. 2024 ஆகஸ்ட்டில் 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி திறந்தார்கள். கூரை, தண்ணீர், கழிவு வடிகால் எல்லாம் உண்டு.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் 2010 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 573 கடல் மீனவ கிராமங்கள், சுமார் 1.93 லட்சம் குடும்பங்கள், 8 லட்சம் பேர். அதில் சென்னைக் குப்பங்களும் 'கிராமம்' என்றே எண்ணப்பட்டன. ஆனால் அரசாங்கத்தின் மற்றத் தாள்களில் அவை கிராமம் இல்லை, மாநகராட்சி வார்டுகள். 2005-ல் வந்த 100 நாள் வேலைச் சட்டம் ஊரகப் பகுதிக்கு மட்டும் என்று எழுதப்பட்டது, ஆகவே நொச்சிக்குப்பத்துக்கு இல்லை. மேலே சொன்ன 10,218 ரூபாய் கணக்கும் ஊரகக் குடும்பங்களிடம் மட்டும் எடுத்தது, ஆகவே ஊரூர்க் குப்பம் அதிலும் இல்லை.